வண்டி விற்பனைக்கு இல்லை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம், நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி நலமாக இருக்க வேண்டும். நம் காரும் நலம்தான், நீ அதற்கு விலை பேசிவிட்டாய் என்பது பாவம் அதற்கு இன்னும் தெரியாது. இவள் எதற்குக் கடிதமெல்லாம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் செய்தால் "சரிம்மா, சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய், குடும்ப குரூப்பில் போட்டால் ஆளாளுக்கு ஒரு பொம்மையை அனுப்புகிறார்கள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. முழுவதும் படி.

நேற்று காலை நீ அனுப்பிய புரோக்கர் வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை, டயரை உதைத்துப் பார்த்தார், பானெட்டைத் திறங்கள் என்றார். எனக்கு வந்ததே கோபம்! யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டால், "உங்க பையன்தாங்க. அப்பாவுக்குக் கண்ணு சரியில்ல, அம்மாவுக்கு ஓட்ட வராது, வண்டி சும்மாதான் நிக்குதுன்னு சொன்னாரு" என்கிறார். அப்பா உள்ளே உட்கார்ந்து அத்தனையையும் கேட்டும் எழுந்துகூட வரவில்லை. இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவர் அப்படித்தான், வெளியே போகலாமா என்றாலே "எதுக்கு" என்பார். நான் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, வண்டி விற்பனைக்கு இல்லை, என் பையனுக்கு விவரம் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆமாம், விவரம் தெரியாது என்றுதான் சொன்னேன், கோபித்துக்கொள், பரவாயில்லை.

உனக்குத் தெரிந்த விவரமெல்லாம் சித்தப்பா குரூப்பில் போட்ட அந்த வீடியோதானே. டிரைவிங் ஸ்கூலில் சிமுலேட்டர் முன்னால் உட்கார்ந்து நான் ஒரு கடைக்குள் வண்டியை விட்டேன், குடும்பமே சிரித்தது, நீயும் வரிசையாகச் சிரிக்கிற மூஞ்சி போட்டாய். நிஜ ரோட்டில் விடுவதற்கு முன்னால் பழக்குகிற இடம் அது, ஸ்டியரிங்கும் பெடலும் நிஜம், ரோடும் கடையும் திரையில். சித்தப்பா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நிஜ ரோட்டில் ஓட்டுகிற மனுஷன், அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாராம்! வீடியோ முடிந்த பிறகு என்ன ஆயிற்று என்று ஒருத்தராவது கேட்டீர்களா? சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், அவள் சிரிக்கவில்லை. மறுபடி ஓட்டச் சொல்லிவிட்டு, திரையை விட்டு என் காலையே பார்த்தாள். "ஆன்ட்டி, பயந்தா நீங்க குதிகாலை அழுத்துறீங்க, பிரேக்குக்குக் காலே போக மாட்டேங்குதே" என்றாள். அப்போதுதான் எனக்கே புரிந்தது. கார்மென்ட் கம்பெனியில் இத்தனை வருஷம் மோட்டார் மெஷின் மிதித்த கால் அல்லவா இது, முன்பாதத்தை அழுத்தினால் தையல் ஓடும், குதிகாலை அழுத்தினால் டக்கென்று நிற்கும். திரையில் ஆள் குறுக்கே வந்ததும் கால் தன் பாட்டுக்குக் குதிகாலை அழுத்திவிட்டு, நிறுத்தியாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிட்டது. கார் நிற்குமா? அதைச் சொன்னதும் நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அப்புறம் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவள் திரையில் நாயை விட்டாள், சைக்கிளை விட்டாள், மழையைக் கொட்டினாள், ஒவ்வொரு தடவையும் கால் பிரேக்குக்குப் போகிறதா என்று பார்த்தாள். தலை சுற்றி ஒருநாள் வாந்தியே எடுத்தேன், மறுநாளும் போய் உட்கார்ந்தேன். வீட்டில் காய் நறுக்கும்போதுகூடக் காலை அப்படியும் இப்படியும் மாற்றிப் பழகினேன், அப்பா என்னவென்று கேட்டதற்கு எறும்பு கடிக்கிறது என்றேன். முன்னால் போகிற வண்டிக்கு இடம் விடுவதும், மழையில் இன்னும் அதிகமாக விடுவதும், கண்ணாடி பார்க்காமல் திரும்பாமல் இருப்பதும் படிந்த பிறகுதான் அவள் என்னை நிஜ ரோட்டுக்குக் கூட்டிப்போனாள். டெஸ்ட்டில் பாஸ் செய்து லைசென்ஸும் வாங்கிவிட்டேன், போன வாரம் அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன்! வழியெல்லாம் காலைத் தரையில் ஊன்றி ஊன்றி "மெதுவா, மெதுவா" என்றார். இன்னொரு தடவை சொன்னால் இறக்கிவிட்டுவிடுவேன் என்றேன். திரும்பி வரும்போது வீட்டுத் தெரு வந்ததும் அவரே, "நேரா வீட்டுக்குப் போணுமா, கொஞ்சம் சுத்திட்டு வரலாமே" என்றார். நான் தெருவுக்குள் திருப்பாமல் அப்படியே ஓட்டிக்கொண்டு போனேன். அந்த வண்டியைத்தான் நீ விற்கப் பார்க்கிறாய்.

உனக்குப் பயம், எனக்குத் தெரியாதா? எனக்கும் பயம் இருக்கிறது, அதனால்தான் நிதானமாக ஓட்டுகிறேன். பாஷை தெரியாத ஊருக்கு, ஒரு முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாமல் நீ கிளம்பினாயே, அன்றைக்கு எனக்கு மட்டும் பயம் இல்லையா? நான் உன்னைப் போகாதே என்று சொல்லவில்லை. உன் பெட்டியை நான்தான் அடுக்கிக் கொடுத்தேன்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், மருமகளிடம் நான் விசாரித்ததாகச் சொல். அந்த புரோக்கருக்கு நீயே போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிடு. பகலில் நீ கூப்பிட்டு நான் எடுக்காவிட்டால் பதறாதே, வண்டி ஓட்டிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா