வாக்கியத்தின் வாலில் ஓர் 'இல்லை'

மார்ச் 2, வியாழன்

இன்றும் ஜன்னல் சண்டை. ஃபென்னா "ஜன்னல கொஞ்சம்—" என்றாள். திறந்தேன், முறைத்தாள். மூடினேன், அதற்கும் முறைத்தாள். பாதி திறந்து வைத்துவிட்டு, படகுகளுக்காகப் பாலத்தைத் தூக்கி இறக்கும் என் வேலைக்கு ஓடினேன்.

பக்கவாதம் வந்து ஏழு வாரம். அவள் வலது கை எழுதாது. பேச்சு வருகிறது, ஒவ்வொரு வாக்கியத்திலும் கடைசிச் சொல் மட்டும் விழுந்துவிடுகிறது. 'ஆமாம்', 'இல்லை' என்று ஒற்றைச் சொல்லாகக் கேட்டால் மாற்றி மாற்றிச் சொல்கிறாள். தலையையோ எல்லாவற்றுக்கும் ஆட்டுகிறாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம் என்னோடு எதற்கும் ஒத்துப்போகாதவள்!

மார்ச் 6, திங்கள்

மருத்துவமனை. கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பாம். ஆபரேஷன் செய்தால் இன்னொரு பக்கவாதத்தைத் தடுக்கலாம். ஆனால் மிச்சம் இருக்கிற பேச்சும் போய்விட வாய்ப்பு உண்டு. டாக்டர் அவளைப் பார்த்துத்தான் கேட்டார், அதற்கு நன்றி.

"வேணும் எனக்கு அந்த ஆபரேஷன்—" என்றாள், தலையையும் ஆட்டினாள். டாக்டர் குறித்துக்கொண்டார். பதினாறாம் தேதி. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

மார்ச் 7

அந்த 'ஆபரேஷன்' சொல்லுக்குப் பின்னால் ஏதாவது இருந்ததா?

மார்ச் 9, வியாழன்

பேச்சுப் பயிற்சி தரும் யொலைன் வந்தாள். வாசலிலேயே பிடித்துக் கேட்டுவிட்டேன்.

"ஹார்மென், நீங்க அந்த ஆபரேஷன் வேண்டாம்னா எப்படிச் சொல்வீங்க? சொல்லிப் பாருங்க."

சொன்னேன், எங்கள் மொழியில் சொற்கள் வரும் அதே வரிசையில்: 'வேணும் எனக்கு அந்த ஆபரேஷன் இல்லை.' அறுபத்தோரு வருஷமாக இந்த டச்சு மொழியைப் பேசுகிறேன், ஒருநாளும் யோசித்ததில்லை. 'வேணும்' முன்னாலேயே வந்து நின்றுகொள்கிறது. 'இல்லை' வாலில் தொங்குகிறது. அவளுக்கு விழுவது அந்த வால்தானே!

மகள் மார்லூஸைப் போனில் அழைத்தேன். "அம்மாதான் வேணும்னு சொல்லிட்டாங்களேப்பா. இலக்கணம் பேசி அவங்கள சாகடிச்சிடாதீங்க" என்றாள். பட்டென்று வைத்துவிட்டேன். அவள் சொன்னதில் என்ன தப்பு? எனக்கும் ஃபென்னா உயிரோடு வேணும். அய்யோ, நான் எதுக்குத்தான் இதைக் கிளறுறேன்?

மார்ச் 11, சனி

படகு போன பிறகும் பாலத்தை இறக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். இரண்டு பக்கமும் சைக்கிள்காரர்கள் கத்தியபிறகுதான் உறைத்தது. "என்ன ஹார்மென், இந்த ஆத்தையே படகுக்காரங்களுக்கு வித்துட்டாங்களா?" என்றான் ஒருவன். சிரிப்பு வரவில்லை.

மார்ச் 12, ஞாயிறு

காபி ஆறிக்கொண்டிருக்க, ஃபென்னா அழுதுகொண்டிருந்தாள். யொலைன் செய்வதுபோல வாக்கியத்தை நான் தொடங்கி அவளை முடிக்கச் சொன்னேன்: "நான் அழறேன், ஏன்னா..."

"ஏன்னா வேணும் எனக்கு அந்த ஆபரேஷன்—"

மறுபடி அதே இடம். எனக்கு ஆத்திரம், அவள் மீதா என் மீதா தெரியவில்லை. அப்புறம்தான் புத்தி வந்தது. மடையா, எங்கள் டச்சில் 'ஏன்னா' இரண்டு இருக்கிறதே! நான் போட்டது 'வாண்ட்'. அதற்குப் பின் வாக்கியம் வழக்கம்போலத்தான் ஓடும். 'ஓம்டாட்' போட்டால் எல்லாம் இடம் மாறும்: 'வேணும்' வாலுக்குப் போய்விடும், 'இல்லை' அதற்கு முன்னால் வந்துவிடும். விழுந்தால் 'வேணும்' விழட்டும்.

அந்த 'இல்லை' வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேதான் கேட்டேன். அதை மறைக்கப்போவதில்லை.

"நான் அழறேன், ஓம்டாட்..."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓம்டாட் எனக்கு அந்த ஆபரேஷன் இல்ல—"

இன்னொரு தரம் கேட்டேன். அதேதான். மூன்றாம் தரம் என் கையைத் தட்டிவிட்டாள்.

மார்ச் 13, திங்கள்

டாக்டரிடம் யொலைனும் வந்தாள். அவரே மூன்று விதமாகத் தொடங்கி ஃபென்னாவை முடிக்கச் சொன்னார். மூன்றிலும் 'இல்ல' வந்தது. "ஆபரேஷன் இல்லாம விட்டா பெரிய ஆபத்து, தெரியுமில்லையா?" என்றார். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தேதியை ரத்து செய்தார். வண்டியில் நான்தான் அழுதேன்.

மார்ச் 14

மார்லூஸ் போனை எடுக்கவில்லை.

மார்ச் 16, வியாழன்

ஃபென்னா ஆபரேஷன் மேசையில் இருந்திருக்க வேண்டிய நேரத்தில் நாங்கள் சமையலறையில் இருந்தோம். காபிக்குச் சர்க்கரை போதவில்லை என்று எனக்கு வசவு. இப்போதெல்லாம் ஃபென்னா எதைச் சொன்னாலும் 'ஓம்டாட்' போட்டுத்தான் தொடங்குகிறாள். கண்டுபிடித்துக் கொடுத்தது நான், அனுபவிப்பதும் நான்தான்.

பத்து மணிக்கு மார்லூஸ் வந்து நின்றாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "என்னைப் பத்தி நெனச்சீங்களா ரெண்டு பேரும்? அம்மா, ஏன்மா? ஏன்?"

நான் வாயைத் திறக்கப் போனேன். ஃபென்னா இடது கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள். வெகுநேரம் சொல் தேடினாள்.

"ஓம்டாட் நான் உன் பேர இன்னும் சொல்ல—"

மிச்சம் வரவில்லை. அது என்னவென்று மார்லூஸ் கேட்கவும் இல்லை. மூக்கைச் சிந்தினாள், கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவ ஆரம்பித்தாள்.