முதலாம் வீட்டின் பச்சை விளக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் பெண் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் நலம். நீங்களும் நலம் என்று என் மேசை மேல் இருக்கிற திரை சொல்கிறது. அதை நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல்தான் பேனாவைக் கையில் எடுத்திருக்கிறேன்.

போனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். போனில் நீங்கள் "எல்லாம் நல்லா இருக்கும்மா, வெச்சிடவா?" என்று தப்பித்துவிடுவீர்கள். நானும் "சரிப்பா" என்று விட்டுவிடுவேன். இத்தனை வருஷமாக நாம் பேசிக்கொண்ட லட்சணம் அதுதானே. கடிதத்தை நடுவில் வைக்க முடியாது, படித்துத்தான் ஆக வேண்டும். கூரியரில் அனுப்புகிறேன், வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும். திங்கட்கிழமை காலை எனக்கு நேர்காணல். என் பதவிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கிற 'இணை' என்ற சொல்லை எடுத்துவிட்டு முழுப் பேராசிரியர் ஆக்கலாமா என்று ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்யப் போகிறது. அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்டாக வேண்டும்.

இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் என் அறையில் இருந்து எழுதுகிறேன். காலையில் இருந்து இருப்புக்கொள்ளவில்லை. டீ வாங்கி வந்தேன், ஆறிவிட்டது. சும்மா வராந்தாவில் நடந்தேன். அங்கே நிதித்துறைப் பேராசிரியர் பிடித்துக்கொண்டார், வகுப்பில் ப்ரொஜெக்டர் வேலை செய்யவில்லையாம். தகவல் அமைப்புகள் பாடம் நடத்துகிறவள் என்றால் வயர் மாட்டுகிறவள் என்றுதான் இந்த மேலாண்மைக் கல்லூரியில் இன்னும் நினைக்கிறார்கள். கோபத்தோடு போனேன். ஸ்விட்ச் போடாமல் இருந்திருக்கிறார். போட்டுவிட்டு வந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் நான் வந்திருந்தபோது உங்கள் வீட்டில் கருவிகள் மாட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? கெட்டில், ஃபிரிட்ஜ் கதவு, மாத்திரை டப்பா, உங்கள் சாய்வு நாற்காலி. நான் ஸ்டூலில் ஏறி நின்றேன், நீங்கள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "எர்த் சரியா இருக்கா பாரு" என்று அதட்டினீர்கள். நீங்கள் எதையாவது தொட்டால் என் திரையில் உங்கள் வீட்டுக் கட்டம் பச்சையாக எரியும். பகலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சத்தமே இல்லை என்றால் சிவப்பாகும். தனியாக இருக்கும் பெரியவர்களுக்காக என் குழு செய்த ஏற்பாடு. நிறைய வீடுகளில் மாட்டிப் பார்த்தோம். முதலில் மாட்டியது உங்கள் வீட்டில் என்பதால் அதற்கு முதலாம் வீடு என்று பெயர்.

அப்பா, இந்த வருஷம் முழுக்க முதலாம் வீடு ஒரு பகலில்கூடச் சிவப்பாகவில்லை. மற்ற வீடுகளில் பாதிப் பேர் கருவியைக் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டார்கள். ஒரு அம்மாள் அதன் மேல் பூச்சாடி வைத்திருக்கிறார். உங்கள் வீடு மட்டும்தான் காட்டிக்கொள்ளும்படி இருந்தது. என் கட்டுரையில் உங்கள் வீடு. பணம் கொடுக்கும் கம்பெனியின் விளம்பரத்தில் உங்கள் வீடு. திங்கட்கிழமை நான் காட்டப் போகிற முதல் படமும் உங்கள் வீடுதான்.

போன வாரம் என் ஆய்வு மாணவி அந்தப் படத்தை வரைந்துகொண்டிருந்தாள். மற்ற வீடுகளில் புள்ளிகள் கடுகு கொட்டினாற்போலச் சிதறிக் கிடக்கின்றன. உங்கள் வீட்டில் மட்டும் ஜன்னல் கம்பி மாதிரி நேர் வரிசை. ஒவ்வொரு மணி அடித்ததும் கெட்டில். கூடவே ஃபிரிட்ஜ். மாத்திரை டப்பாவும் அப்படித்தான். நடுவில் ஒன்றுமே இல்லை. "மேடம், உங்க அப்பா பட்டாளத்துல இருந்தாரா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். இல்லைம்மா, துணை மின்நிலையத்தில் ஷிப்ட் பார்த்தார் என்று சொல்ல வாயைத் திறந்தபோதுதான் பொறி தட்டியது.

மணிக்கு மணி எழுந்து போய் ஒவ்வொரு மீட்டராகப் பார்த்து வருவீர்களே, அது கண்ணில் வந்து நின்றது. மழையானாலும் காய்ச்சலானாலும் போவீர்கள். நாற்காலியை விட்டு அசையாமல் குத்துமதிப்பாக எழுதிய பையன்களை, "நேர்ல பார்க்காம எழுதுற ரீடிங்கும் திருட்டும் ஒண்ணுதாண்டா" என்று திட்டியதை எத்தனையோ தடவை வீட்டில் வந்து சொல்லியிருக்கிறீர்கள். முதலாம் வீட்டில் யாரும் வாழவில்லை அப்பா. அங்கே ஒருவர் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதில் பெரிய வேடிக்கை எது தெரியுமா? என் பிழைப்பே இதுதான். கிடங்கில் சாஃப்ட்வேர் மாட்டுகிற வேலையை விட்டுவிட்டு நான் முனைவர் படிப்புக்குப் போனபோது எல்லோரும் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள், நீங்கள் மட்டும் பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தீர்கள். படிக்கப் போன ஊரில் ஒரு ஆஸ்பத்திரி வார்டில் உட்கார்ந்து நான் கண்டுபிடித்ததே இதைத்தான். நர்ஸ்கள் மருந்து கொடுத்த நேரத்தை எல்லாம் கடைசியில் மொத்தமாகக் கணினியில் போட்டார்கள், அதுவும் அழகாக மணிக்கு மணி. சோம்பேறித்தனம் என்றது நிர்வாகம். இல்லை, நோயாளியை விட்டு நகர முடியாததால்தான் அப்படிப் போட்டார்கள் என்று நான் எழுதினேன். அந்த ஆய்வால்தான் எனக்கு வேலை கிடைத்தது, புத்தகம் வந்தது. அந்தப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்தவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் மாப்பிள்ளை முன்னுரையோடு நிறுத்திக்கொண்டார். ஊரார் பொய்யை எல்லாம் கண்டுபிடிக்கிறவளின் கண்ணில் ஒரு வருஷமாக மண்ணைத் தூவியிருக்கிறீர்கள். கெட்டிக்காரர்தான்.

ஆனால் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. நீங்கள் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறீர்களோ, வேறு யாரோ உங்களுக்குப் பதிலாக வந்து கெட்டிலைத் தட்டிவிட்டுப் போகிறார்களோ என்று என்னென்னவோ ஓடியது. கீழ்வீட்டுப் பல் டாக்டர் அம்மாவின் நம்பர் என்னிடம் இருந்தது. கிளினிக்கை மூடிவிட்டு வீட்டோடுதானே இருக்கிறார், ஒரு எட்டு மாடிக்குப் போய் உங்களைப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்லலாம் என்று கூப்பிட்டேன்.

நீங்கள் எடுத்தீர்கள்.

"ஹலோ, டாக்டர் குளிச்சிட்டிருக்காங்க, ஒரு பத்து நிமிஷம் கழிச்சுப் பேசுறீங்களா?" என்றீர்கள். நான் வாயைத் திறக்காமல் வைத்துவிட்டேன். ராங் நம்பர் என்று நினைத்திருப்பீர்கள். அது நான்தான்.

திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது, முதலாம் வீட்டில் கெட்டில் பச்சை. மாடி ஏறிப் போயிருக்கிறீர்கள். அந்த முட்டியை வைத்துக்கொண்டு! படி ஏற முடியாது என்று சொல்லித்தானே என் வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறீர்கள்? அந்த முட்டியோடு ஒரு வருஷமாக மணிக்கு மணி ஏறி இறங்கியிருக்கிறீர்கள், தொலைவில் ஒருத்தி திரையைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்கட்டும் என்று. பொய் சொல்வதைக்கூட நேரில் போய் ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் முழுக்க உங்கள் மேல் எனக்கு ஆத்திரம். அம்மாவை நினைத்துக்கொண்டேன். அம்மா வாங்கிய கெட்டில் மேலே காலி வீட்டில் யாருக்கும் இல்லாமல் கொதிக்கிறதே என்று நினைத்து அழுதேன். உங்கள் மாப்பிள்ளை என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டார். சொன்னேன். கேட்டுவிட்டு, "அவர் குரல் எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். நன்றாக இருந்தது அப்பா. அவசரமே இல்லாத குரல், சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கிறவரின் குரல். அம்மா போன பிறகு அந்தக் குரலை நான் கேட்கவே இல்லை.

துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன், முதலாம் வீட்டுத் தகவல் செல்லாது என்று. ஏன் என்று சொல்லவில்லை. அவர் கதவைச் சாத்திவிட்டு, "ஒரு வீடுதானே? திங்கட்கிழமை தாண்டட்டும், அப்புறம் மெதுவாத் திருத்திக்கலாம்" என்றார். கெட்ட மனிதர் இல்லை, எனக்காகத்தான் சொன்னார். கம்பெனிக்காரர்களும் அன்றைக்கு வருகிறார்கள். முதலாம் வீட்டை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன, பூச்சாடிதான். இந்தத் தடவை விட்டால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று தெரியாது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பதவி வேண்டும் அப்பா. வேண்டாம் என்று பெரிய மனுஷி மாதிரி நடிக்க எனக்குத் தெரியாது. சரி, அவர் சொன்னபடியே செய்துவிடுவோம் என்று நேற்றைக்குக் கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டேன்.

இன்றைக்குக் காலையில் வகுப்பு. பாடத்திட்டப்படி நர்ஸ்களின் கதை. வருஷா வருஷம் நடத்துவதுதான், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பின்வரிசையில் ஒரு பெண் கேட்டாள், பதிவு பொய் என்று தெரிந்த பிறகு மேலாளர் என்ன செய்ய வேண்டும் என்று. அதற்கு நான் வழக்கமாகச் சொல்கிற பதில், முதலில் போய் அவர்களையே கேட்க வேண்டும் என்பது. இன்றைக்குத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அதைச் சொன்னேன். மொத்த வகுப்பும் எழுதிக்கொண்டது. அறைக்கு வந்து கதவைச் சாத்தி இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன்.

அதனால் கேட்கிறேன். திங்கட்கிழமை முதலாம் வீட்டின் படத்தைத்தான் முதலில் காட்டப் போகிறேன். ஆனால் உள்ளதைச் சொல்லப் போகிறேன். இந்த வீட்டில் இருந்தவர் வேறு இடத்தில் சந்தோஷமாக இருந்தார், அதைத் தன் பெண்ணிடம் சொல்லக் கூச்சப்பட்டு இந்தக் கோடுகளைப் போட்டுக் காட்டினார், எங்கள் கருவிக்கு அது தெரியவில்லை என்று சொல்வேன். உங்கள் பெயரோ டாக்டர் பெயரோ வராது. பதவி கொடுத்தால் பேராசிரியர், கொடுக்காவிட்டால் ப்ரொஜெக்டருக்கு ஸ்விட்ச் போடுகிறவள். ஆனால் இது உங்கள் வீட்டு விஷயம். நீங்கள் சம்மதித்தால்தான் சொல்வேன். வேண்டாம் என்றால் முதலாம் வீடே இல்லாமல் போய் நிற்பேன், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பதில் எழுத வேண்டாம். உங்களுக்கு வராது. போனும் வேண்டாம், "வெச்சிடவா" என்பீர்கள். நான் சொல்வதை மட்டும் செய்யுங்கள். மாத்திரைகளை மட்டும் டப்பாவில் இருந்து எடுத்துக் கீழே கொண்டுபோய் வைத்துக்கொண்டு ஒழுங்காகப் போடுங்கள், அதில் ஏமாற்றக் கூடாது. சாய்வு நாற்காலியையும் யாரையாவது பிடித்துக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். டாக்டர் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவர் அடைத்துவிட்ட பல் இன்னும் அசையாமல் இருக்கிறது என்று சொல்லுங்கள். நான் கத்திய கத்தலை அவர் மறந்திருக்க மாட்டார்.

திங்கட்கிழமை காலை உள்ளே கூப்பிடும் வரை வராந்தாவில் நின்று உங்கள் வீட்டுக் கட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். மணி அடிக்கும். நீங்கள் எழுந்திருக்காதீர்கள் அப்பா. இருக்கிற இடத்திலேயே உட்கார்ந்து நிதானமாக டீயைக் குடியுங்கள். ஒரு தடவையாவது அந்தக் கட்டம் சிவக்கட்டும், அதையே உங்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டு நான் தைரியமாக உள்ளே போகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் பெண்