இல்லாத சுவரை உதைத்தது தொடர்பாக

அனுப்புநர்:
நீச்சல் குளத் துப்புரவாளர் (எல்லோருக்கும் ‘குளத்தக்கா’),
பம்பு அறை, ஆழமான பக்கம்,
கல்லூரி நீச்சல் குளம்.

பெறுநர்:
உயர்திரு ஆய்வு அலுவலர் அவர்கள்,
விளையாட்டுத் துறை,
மூன்றாம் மாடி, லிஃப்ட் ஓடாத கட்டடம்.

பொருள்: தேசிய நீச்சல் போட்டியில் எங்கள் கல்லூரி அணி மொத்தமும் மண்ணைக் கவ்வியதற்கு ஒரே ஒரு மாணவியை மட்டும் விடுதியைவிட்டு அனுப்ப இருப்பது – அதற்கு முன் குளத்தை டேப் வைத்து அளந்து பார்க்கக் கோருவது – குறித்து.

பார்வை: 1. மாணவிக்கு முதல்வர் கொடுத்த குற்றக் குறிப்பாணை.
2. என் அறைக் கதவில் தொங்கும் திரை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. பத்தொன்பது வருடமாக இந்தக் குளத்தைக் கரையில் நின்றபடியே நீளக் கம்புப் பிரஷ்ஷால் தேய்த்து வருகிறேன். நேற்று வரை முழங்காலுக்கு மேல் தண்ணீர் பட்டதில்லை. அணிக்குப் பயிற்சி கொடுக்கும் விசில் மாஸ்டரையும் நான் தண்ணீருக்குள் பார்த்ததில்லை. ஆனால் அவர் அதை மனுவில் எழுத மாட்டார், நான் எழுதுகிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துப் பிழை இருந்தால் அதை மட்டும் அடித்துவிட்டு, விஷயத்தை அடிக்காமல் விடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2. சென்ற வருடம் குளத்தின் ஆழமான பக்கத்துச் சுவர் ஒழுகியது. சுவர் ஒழுகினால் ஒழுகும் இடத்தை அடைப்பது என் போன்ற படிக்காதவர்களின் யோசனை. முதல்வரின் சகலை கட்டட ஒப்பந்தக்காரர். அவர் வந்து பார்த்தார், தாடையைத் தடவினார், ஒழுகும் சுவரை அப்படியே விட்டுவிட்டு அதற்கு முன்னால், குளத்துக்குள்ளேயே, புதிதாக ஒரு சுவர் எழுப்பினார். இரண்டு சுவருக்கும் நடுவில் மண்ணையும் உடைந்த ஓடுகளையும் கொட்டி, மேலே வழவழவென்று கல் பதித்தார். அதற்கு ‘விருந்தினர் மேடை’ என்று பெயர். அதில் ஆறு மெத்தை நாற்காலி. நடு நாற்காலி முதல்வருடையது. பழைய சுவர் உள்ளே இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது என்பதால் மேடையில் உட்காருகிறவர்களின் செருப்பு நனையும். யாரும் வெளியே சொல்வதில்லை.

3. ஆளுக்கொரு பாதையாகப் பிரிக்கக் குளத்தில் கட்டும் கயிறுகளில் பிளாஸ்டிக் வளையங்கள் கோத்திருக்கும். புதுச் சுவர் வந்த பிறகு கயிறு நீளமாகித் தொய்ந்தது. நான் ஒப்பந்தக்காரரிடம், “என்ன சார், குளம் துவைச்ச சட்டை மாதிரி சுருங்கிடுச்சே?” என்று கேட்டேன். “தண்ணி நிறையத்தானே இருக்கு, போங்கக்கா” என்றார். தண்ணீர் நிறையத்தான் இருந்தது. விசில் மாஸ்டர் சொன்னபடி ஐந்து கயிற்றிலிருந்தும் மிச்ச வளையங்களைக் கழற்றினேன். தேய்க்க வேண்டிய டைல்ஸும் கொஞ்சம் குறைந்தது. வேலை குறைந்ததற்கு யாராவது புகார் மனு எழுதுவார்களா, ஐயா? நானும் எழுதவில்லை. இந்தக் காரியத்தில் என் பங்கு இவ்வளவு. இதற்கு எனக்கு என்ன தண்டனையோ அதைத் தனியாகக் கொடுக்கவும்.

4. மேடை வந்த வருடமே எங்கள் பிள்ளைகள் பதினொரு கல்லூரிச் சாதனைகளை முறியடித்தார்கள். இருபது வருடத்தில் ஒன்று இரண்டு என்று முறிந்துகொண்டிருந்தவை ஒரே பருவத்தில் முறுக்கு மாதிரி முறிந்தன. குளம் சின்னதானால் சீக்கிரம் போய்ச் சேரலாம் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. விசில் மாஸ்டரின் கடுமையான பயிற்சி காரணம் என்று முதல்வரும், முதல்வரின் தொலைநோக்கே காரணம் என்று விசில் மாஸ்டரும் மேடையில் மாறி மாறிச் சொன்னார்கள். இருவரும் ஒருவரையொருவர் மறுக்கவில்லை. பெரிய பேனர் ஒன்று தயாரானது. அதில் முதல்வர் முகம் கதவு அகலம். நீந்திய ஆறு பேரும் கீழே ஓரத்தில் கடுகு மாதிரி. அந்த நேரங்களை எழுதி அனுப்பித்தான் அணி தேசியப் போட்டிக்குத் தேர்வானது.

5. பெண் பிள்ளைகள் வருவதால் ஒரு பெண் துணை வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனார்கள். துண்டு மூட்டை என் பொறுப்பு, பேனர் விசில் மாஸ்டர் பொறுப்பு. அங்கேயும் எங்களுடையது போலவே இருபத்தைந்து மீட்டர் வகைக் குளம். போட்டிக்கு முன்னால் ஒவ்வோர் அணிக்கும் தண்ணீரைப் பழகிக்கொள்ள முக்கால் மணி நேரம் கொடுத்தார்கள். மற்ற அணிகள் இறங்கிப் பழகின. நாங்கள் பேனரைப் பிடித்தோம். முதலில் வெயில் முகத்தில் அடித்தது, பிறகு முதல்வரின் முகத்தில் மடிப்பு விழுந்தது, பிறகு ஒரு படம் நன்றாக வந்தது. அதற்குள் முக்கால் மணி முடிந்துவிட்டது.

6. இனி நடந்ததை நான் கண்ணால் பார்த்தபடி எழுதுகிறேன். நீந்துகிறவர்கள் சுவர் அருகே வந்ததும் தண்ணீருக்குள் குட்டிக்கரணம் போட்டுச் சுவரைக் காலால் உதைத்துத் திரும்ப வேண்டும். குப்புற நீந்துகிறவர்களுக்குத் தரையில் கறுப்புக் கோடு உண்டு. கோடு முடிந்தால் சுவர் வரப்போகிறது என்று அர்த்தம். எங்கள் குளத்தில் ஆழமான பக்கம் கோடு முடிவதும் சுவர் வருவதும் ஒரே நேரத்தில் நடக்கும், ஏனென்றால் மிச்சக் கோடு மேடைக்கு அடியில் இருக்கிறது. ஆகவே எங்கள் ஐந்து பேரும் அங்கே ஆழமில்லாத பக்கம் அழகாகத் திரும்பினார்கள். ஆழமான பக்கம் வந்ததும், கோடு முடிந்த இடத்தில், ஆளுக்கொரு குட்டிக்கரணம் போட்டு வெறும் தண்ணீரை ஓங்கி உதைத்தார்கள். உதைத்த வேகத்தில் இருந்த இடத்திலேயே நின்றார்கள். பிறகு தலையைத் தூக்கிச் சுவரைத் தேடி, நாய்க்குட்டி மாதிரி நீந்திப் போய்த் தொட்டுவிட்டு வந்தார்கள். ஐந்து பேரும் அவரவர் போட்டியில் கடைசி. பக்கத்து ஊர் அணியின் சமையல்காரர் என்னிடம், “உங்க பிள்ளைங்க ரெண்டு தடவ திரும்புறாங்களே, அது புது முறையா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

7. ஆறாவது, மேற்படி மாணவி. மல்லாந்து நீந்துகிறவர். எல்லோரும் அவரைக் ‘கணக்கு’ என்று கூப்பிடுவார்கள், எதைப் பார்த்தாலும் எண்ணுவதால். விடுதிப் படி எத்தனை, விசில் மாஸ்டர் ஒரு மணியில் எத்தனை தடவை ஊதுகிறார், எல்லாம் அவரிடம் உண்டு. மல்லாந்து போகிறவருக்குச் சுவர் தெரியாது. அதற்காகத் தலைக்கு மேலே குறுக்காகக் கொடி கட்டியிருக்கும். கொடியைத் தாண்டி இத்தனை கை போட்டால் சுவர் என்று எண்ணிக்கொண்டு திரும்ப வேண்டும். எங்கள் குளத்துக் கொடிக்கம்பம் தரையில் ஊன்றியது, அது நகரவில்லை. சுவர்தான் நகர்ந்தது. ஆழமில்லாத பக்கம் கொடியிலிருந்து ஐந்து கை, ஆழமான பக்கம் மூன்று கை. அந்தப் பெண் ஒரு வருடமாக அப்படியே எண்ணிப் பழகியிருந்தார். போட்டியில் முதல் திருப்பம் ஐந்து கை, சரியாக வந்தது. எட்டுப் பேரில் முதலாவதாக வந்துகொண்டிருந்தார், ஐயா. நான் துண்டு மூட்டையைக் கீழே போட்டுவிட்டு நின்றேன். அடுத்து ஆழமான பக்கம். கொடி, ஒன்று, இரண்டு, மூன்று. புரண்டு குட்டிக்கரணம் போட்டார். அங்கே சுவர் இல்லை. மல்லாந்த நீச்சலில் புரண்ட பிறகு நிற்காமல் சுவரைத் தொட்டாக வேண்டுமாம், நடுவில் நின்றால் தகுதிநீக்கமாம். விசில் மாஸ்டர் ஆத்திரத்தில் விசில் ஊதினார். பார்வையாளர் ஊதக்கூடாது என்று விசிலை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

8. ஊர் வந்ததும் விசாரணைக் குழு. ஐந்து பேர் கடைசியாக வந்தார்கள், கடைசி என்பதும் ஓர் இடம். தகுதிநீக்கம் என்பது இடமே இல்லாதது என்று குழு கண்டுபிடித்தது. ஆகவே கல்லூரிக்கு அவமானம் ஒருவரால்தான் வந்தது. குற்றக் குறிப்பாணையில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்: “மேற்படி மாணவி, சுவர் இல்லாத இடத்தில் சுவர் இருப்பதாகத் தன்னிச்சையாகக் கருதிக்கொண்டார்.” வருகிற பதினெட்டாம் தேதி விசாரணை. அதுவரை குளத்தில் இறங்கக்கூடாது. பதில் திருப்தியாக இல்லையென்றால் அணியிலிருந்தும் விளையாட்டு விடுதியிலிருந்தும் நீக்கம். விடுதி போனால் படிப்பும் போகும். அப்பா தையற்காரர், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மெஷின் போடுகிற இடம். மகள் திரும்பி வந்தால் பொத்தான் தைக்கத்தான் உட்கார வேண்டும்.

9. குறிப்பாணை கிடைத்த அன்று அந்தப் பெண் என் பம்பு அறையில் வந்து உட்கார்ந்தார். அழவில்லை. நான் சிரிக்கவைக்கப் பார்த்தேன், நடக்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கழற்றிய வளையங்களை வீணாக்க மனமில்லாமல் நூலில் கோத்துக் கதவுக்குத் திரையாகக் கட்டியிருக்கிறேன். வாய் அசைந்ததிலிருந்து எண்ணுகிறார் என்று தெரிந்தது.

“எண்பது. எங்கேருந்துக்கா வந்துச்சு இது?”

“கயித்துல மிச்சம்மா. கயித்துக்குப் பதினாறு.”

எழுந்து போய் ஒரு வளையத்தைச் சாணால் அளந்தார். திரும்ப அளந்தார். பிறகு மிக மெதுவாக, “அக்கா, நான் தப்பா எண்ணலக்கா” என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார். நான் தமாஷ் பேசுகிறவள்தான், ஐயா. அன்று மூட்டையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

10. முதல்வர் அறைக்குப் போய்ச் சொன்னேன். “குளத்துக்கு வெளியே பலகை இருக்கு, பாருங்க. இருபத்தஞ்சு மீட்டர்னு எழுதியிருக்கு” என்றார். பலகையை நான்தான் வாரம் ஒரு முறை துடைக்கிறேன், அதில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆகவே ஞாயிறு காலை மாணவியின் அப்பாவை வரவழைத்தேன். அவர் தோளில் கிடக்கும் டேப்போடு வந்தார். ஒன்றரை மீட்டர் டேப். ஆழமில்லாத பக்கத்துச் சுவரில் தொடங்கி, ஒவ்வொரு டேப்புக்கும் சாக்கட்டியால் கோடு போட்டு, தோள்பட்டைக்கு அளவு எடுக்கிற மாதிரி பக்குவமாக அளந்து வந்தார். பதினைந்து டேப், மேலே தொண்ணூறு சென்டிமீட்டர். மொத்தம் இருபத்து மூன்று மீட்டர் நாற்பது. நிமிர்ந்து நின்று மேடையையும் நாற்காலிகளையும் பார்த்துவிட்டு, “துணிய எடுத்தவர் மடிச்சு உள்ளே தைச்சுட்டார்மா” என்றார். பலகைக்கும் டேப்புக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர் அறுபது. பதினாறு வளையத்தின் நீளமும் அதேதான்.

11. ஆகவே ஐயா அவர்கள் பதினெட்டாம் தேதிக்கு முன்பாக நேரில் வந்து குளத்தை அளக்க வேண்டும். அளந்த பிறகு, மாணவி சுவரைத் தன்னிச்சையாகக் கருதினாரா, சுவர் தன்னிச்சையாக நகர்ந்ததா என்று விசாரணைக் குழுவுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மேடையை இடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, மெத்தை நாற்காலி எல்லோருக்கும் கிடைக்காது. இடிக்க மனமில்லாவிட்டால் நாட்டிலுள்ள மற்ற எல்லாக் குளங்களிலும் இதே அளவில் ஒரு விருந்தினர் மேடை கட்ட உத்தரவிடலாம். அப்போது எங்கள் பிள்ளைகள் தாராளமாக ஜெயிப்பார்கள். எதுவானாலும் அந்தப் பெண் விடுதியில் இருக்க வேண்டும், தண்ணீரில் இறங்க வேண்டும். அதுவரை பிரஷ்ஷும் நானும் குளத்தடியிலேயே இருப்போம். வரும்போது நனைந்தால் பரவாயில்லாத செருப்பில் வரவும்.

நாள்: பதினான்காம் தேதி, திங்கட்கிழமை
இடம்: பம்பு அறை

இப்படிக்கு,
குளத்தக்கா
(கையெழுத்து என்னுடையதே)

இணைப்பு: பிளாஸ்டிக் வளையம் – 1 (நீலம்).

பின்குறிப்பு: ஒரு தடவை அளந்தது போதாது என்று நான்தான் இரண்டாம் தடவை டேப்பை வாங்கி அளந்தேன். பதினான்காவது டேப்பில், கொடிக்கு நேராக, நான் தண்ணீருக்குள் இருந்தேன். கரையில் நின்ற மாணவி குதித்து என்னை மல்லாக்கப் போட்டு இழுத்துப் போனார். மூன்று கை. சுவர் இருந்தது. தடையுத்தரவு உள்ளபோது இறங்கிய இந்த ஒரு முறையைக் குற்றத்தில் சேர்க்க வேண்டாம். டேப் ஆழமான பக்கத்தின் தரையில் கிடக்கிறது, நடு நாற்காலியில் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும். அதை எடுத்துத் தரும்படி மாணவியைக் கேட்டேன். உத்தரவு இருப்பதால் மறுபடி இறங்க முடியாது என்று சொல்லிவிட்டார். ஆகவே ஐயா அவர்கள் சொந்த டேப் கொண்டு வரவும். தையற்காரர் அதுவரை சட்டைகளைக் கண்ணளவில் வெட்டுகிறார்.