மதகடிப் பள்ளத்துக்குக் கம்பு

மாசி 3, சனி

காலையில் நல்ல பனி. செஞ்சி சந்தைக்குக் கெண்டை மட்டும்தான் கொண்டுபோனேன். பத்து பேர் விரால் கேட்டார்கள். இல்லை, இல்லை என்று சொல்லியே வாய் வலி.

சாயங்காலம் ஏரிக்கரையில் கொழுந்தன் முருகன் கூடையோடு நின்றான். உள்ளே இரண்டு தாய் விரால், என் முழங்கை நீளம். மழை வந்தால் குஞ்சு பொரிக்கவேண்டியவை. அவற்றுக்காகத்தானே ஐப்பசியில் மீன்பிடி வீடுகள் எல்லாம் கூடி, ஏரியில் ஒரு மூலையைக் கம்பு நட்டு, உள்ளே வலை கூடாது என்று மூடினோம்?

"எங்கடா புடிச்ச?"

"கம்புக்கு வெளியதான் அண்ணி. நீயே வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. நெல்லுக்குத் தண்ணீர் விட்டு விட்டு ஏரி இறங்கிவிட்டது. கம்புகள் காய்ந்த சேற்றில் நிற்கின்றன, பக்கத்தில் ஆடு மேய்கிறது. மீன் எல்லாம் மதகடிப் பள்ளத்துக்குப் போய்விட்டது.

மாசி 4, ஞாயிறு

கோட்டை பார்க்க வந்த கூட்டம். கெண்டை பத்து மணிக்கே காலி.

ஏரி இறங்கியது எல்லாருக்கும் தெரியும். கம்பை நகர்த்த ஒருத்தனுக்கும் துணிச்சல் இல்லை. "தொட்டவன் கைய ஒடிப்பேன்" என்று அன்றைக்குக் கத்தினவள் நான்தானே. என் வாய்க்கு நானே சூடு வைக்க வேண்டும்.

உப்பு, மிளகாய்த்தூள் வாங்க வேண்டும். கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும்.

மாசி 6, செவ்வாய்

மதகடியில் மீன்பிடி வீடுகளின் கூட்டம். கம்பைப் பள்ளத்தைச் சுற்றி நட வேண்டும் என்றேன். எல்லாரும் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்கள். யார் எங்கே வலை போடுவது என்று வருஷா வருஷம் சீட்டுக் குலுக்குவோம். இந்த வருஷம் பள்ளம் விழுந்தது எங்கள் வீட்டுக்கு.

சரோஜாக்கா கேட்டே விட்டாள். "உன் ஊட்டுக்காரரு ஒத்துக்குவாரா? அத மொதல்ல சொல்லு."

அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்க எடந்தான் முதல்ல மூடணும். இல்லன்னா எவன் கேப்பான்?" என்றேன்.

எழுந்து போய்விட்டார்.

மாசி 7, புதன்

சோறு வைத்தேன், சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்ததும் அவரே. கோபம் என்றால் இந்த மனுஷன் தட்டுக் கழுவுவார்.

மதியம் ஒரே ஒரு வார்த்தை. "கோடையில நாம இன்னாத்தப் புடிக்கறது?"

கெளுத்தி, கெண்டை என்றேன். எனக்கும் பயம்தான். ஆனால் இப்போது விட்டால் அடுத்த வருஷம் விரால் என்று பேருக்குக்கூட இருக்காது. விடமாட்டேன்.

மாசி 9, வெள்ளி

வெயில் ஏறுவதற்கு முன்பே இறங்கினோம். நான், சரோஜாக்கா, முருகன். அவன் கம்பு சுமந்தான். தாய் விராலைப் பிடித்த வெட்கம் இருக்கிறது, நல்ல பிள்ளை. எனக்கு நீச்சல் தெரியாது. கழுத்தளவு தண்ணீர், காலடியில் சேறு வழுக்குகிறது. நான் கம்பைப் பிடிக்க, அவன் அடித்தான்.

நாலாவது கம்பு அடிக்கும்போது கரையில் அவர். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திட்டட்டும்.

"அறிவிருக்குதா உனக்கு? பள்ளம் அதோட முடியல. பெரிய விராலு படுக்கறது இன்னும் அந்தாண்ட. பத்து அடி தள்ளி நடு!"

கம்பைப் பிடுங்கினோம். தள்ளி நட்டோம்.