முந்நூற்றில் ஓடிய பெல்ட்

மாப்பிள்ளை,

இன்று காலை திருமயம் ரோட்டில் உன் பெல்ட் அறுந்துவிட்டது.

புண்ணாக்கு மூட்டையை மொபெட்டின் பின்னால் வைத்து, அந்தப் பெல்ட்டால் இழுத்துக் கட்டி, மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் என்னும் அண்டம் நடுங்கும் வேகத்தில் வந்துகொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் 'டப்' என்றது. மூட்டை உருண்டுபோய் ஓரமாகப் படுத்துக்கொண்டது. இறங்கிப் பெல்ட்டைக் கையில் எடுத்தேன். ஒரு பக்கம் பல், மறுபக்கம் வழவழப்பு, கறுப்பாக ஓர் உடும்பு வால். அறுந்த வாயை மூக்கருகே கொண்டுபோனேன். ரப்பரும் பழைய ஆயிலும் கலந்த வாசனை. நீ அரபு நாட்டு மெக்கானிக் வேலையிலிருந்து லீவில் வந்து பெட்டியைத் திறந்தால் அத்தரையும் மீறிக்கொண்டு வருமே, அதே வாசனை.

மைல்கல் மேல் உட்கார்ந்துவிட்டேன். போகிற பஸ்ஸிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டி, "என்னங்க, அடிகிடி பட்டுருச்சா?" என்றார்.

"மூட்டைக்குத்தாங்க" என்றேன்.

இது உனக்குத் தெரிந்த மாமா. பஸ் போன பிறகு அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தவனை உனக்குத் தெரியாது. அவனைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீ இந்தப் பெல்ட்டைக் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? என் அக்கா, அதாவது உன்னைப் பெற்ற மகராசி, பெட்டிக்குள்ளிருந்து சேலை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நீ முதலில் எடுத்தது இது.

"மாமா, இது எங்க மொதலாளி சேக்கு வண்டியில இருந்து கழட்டுனது. நாப்பது வருசத்துக்கு முந்துன இத்தாலி வண்டி. முந்நூறத் தாண்டும்."

"புதுசு கணக்கா இருக்கு. ஏன்டா கழட்டுன?"

"வண்டி ஓடவே இல்ல மாமா. ஏசி ரூம்புக்குள்ள பளபளன்னு நிக்குது. ஆனா ஓடுனாலும் ஓடாட்டாலும் இத்தன வருசத்துக்கு ஒருக்க மாத்திப்புடணும். ரப்பருக்கு வயசாகும்ல. மாத்துறதுக்கு இஞ்சினையே மொத்தமா வெளிய எறக்கணும்."

"மாத்தலேன்னா?"

"ஒரு நாளு அறுந்துரும். உள்ள வால்வும் பிஸ்டனும் முட்டிக்கிட்டு நொறுங்கிரும். முன்னக்கூட்டி ஒரு சத்தம் வராது மாமா. அதான் இதுல ஆபத்தே."

பிறகு அந்த வண்டியின் புராணத்தைச் சொன்னாய். ஓட்டுபவனின் முதுகுக்குப் பின்னால் இஞ்சின். எட்டு சிலிண்டர். ரேடியோ இல்லை, தரைவிரிப்பு இல்லை. மிதித்தால் வலது கால் தொடை வலிக்கிற பிரேக். உடம்பெல்லாம் இரும்பில்லை, துணிபோல நெய்து பசை ஊற்றி இறுக்கிய தகடு. வெயிலில் உற்றுப் பார்த்தால் பெயின்ட்டுக்கு அடியில் நெசவு தெரியும் என்றாய். உள்ளிருந்து கதவைத் திறக்க ஒரு கயிற்றை இழுக்க வேண்டும்.

"அம்புட்டு பெரிய மனுசன் கயித்த இழுத்தா கதவத் தெறக்குறான்?"

"எடை மாமா. ஒவ்வொரு கிராமா கழிச்சிருக்கான். கைப்பிடி வச்சா அது ஒரு எடை."

"நம்ம மாட்டுக்கொட்டகைக் கதவும் கயிறுதான்டா. அது ஏன் இன்னும் முந்நூறுல போகல?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உனக்கும் அவளுக்கும் ஒரே சிரிப்பு. சத்தம் கடைசியில்தான் வரும்.

மறுநாளே அந்த வண்டி என் வாயில் ஏறி ஊர்வலம் கிளம்பிவிட்டது. முந்நூறு அறுநூறானது. அது கிளப்பும் காற்றில் சித்தன்னவாசல் சுவரில் வரைந்திருக்கும் தாமரை இதழ் உதிரும் என்றேன். திருமயத்தில் டீயைச் சொல்லிவிட்டு மீமிசல் போய் மீன் வாங்கித் திரும்பினால் டீ ஆறியிருக்காது என்றேன். நீ பக்கத்தில் நின்று மனக்கணக்குப் போட்டாய். "போறதுக்கு மட்டும் பதிமூணு நிமிசம் மாமா. டீ ஆறித்தான் போயிருக்கும். அதுக்கு முன்னாடி நம்ம ஊரு ஸ்பீடு பிரேக்கருல வண்டி வயிறு தட்டி நின்னுரும்." என் பொய்யைச் சரியான அளவுக்கு வெட்டித் தருகிற ஒரே ஆள் நீ. நான் ஊதுவேன், நீ குறைப்பாய். அப்படித்தான் நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு உண்மையைச் சொல்லிவந்தோம்.

நீ போன பிறகு பட்டறையில் கொடுத்து அந்தப் பெல்ட்டை வெட்டி, இரண்டு முனையிலும் கொக்கி போட்டு, மூட்டை கட்டும் வாராக்கினேன். வீடியோ காலில் பார்த்துவிட்டு அலறினாய். "மாமா! அத வெட்டிப்புட்டீங்களா?"

"நீதானடா வயசாயிருச்சுன்ன. ரிட்டயர் ஆனவருக்கு ஒரு வேல போட்டுக் குடுத்திருக்கேன்."

இதெல்லாம் இருக்கட்டும். அந்த வண்டியின் டர்போவுக்கு வருகிறேன். வராமல் எத்தனை பத்திதான் சுற்றுவேன்?

நீதான் எனக்குப் புரியும்படி சொன்னாய். இஞ்சின் கழித்துவிடும் புகை ஒரு காற்றாடியைச் சுற்றும், அந்தக் காற்றாடி காற்றை அள்ளி இஞ்சினுக்குள் திணிக்கும். அது சுற்றி வேகம் பிடிக்கும்வரை மிதித்தாலும் வண்டி சும்மா வரும். பிடித்துவிட்டால் முதுகில் எட்டி உதைத்த மாதிரி கிளம்பும். "பந்தியில எலையப் போட்டுட்டு ஒக்காந்திருப்பீங்கல்ல மாமா? ரொம்ப நேரம் ஒண்ணும் வராது. அப்பறம் சோறு, கொழம்பு, கறி எல்லாம் ஒரே நேரத்துல எலையில விழுகும். அதுதான் டர்போ."

அன்றிலிருந்து தாமதமாகிற எல்லாவற்றுக்கும் என்னிடம் அதுதான் பதில். பஸ் வரவில்லையா, டர்போ சுற்றவில்லை. கரண்ட் வரவில்லையா, டர்போ சுற்றவில்லை. முப்பத்துநாலு வயதில் உனக்குப் பெண் அமையவில்லை என்று அக்கா அழுதபோதும் அதையேதான் சொன்னேன். நீயும் போனில் சிரித்தாய்.

எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆவுடையார்கோயில் பக்கம், என் சம்சாரத்து வழிச் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. அக்கா வரவில்லை. இலை போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம், பரிமாறும் ஆட்களைக் காணோம். அப்போது உன் போன். எனக்குத்தான் எப்போதும் சபை வேண்டுமே, ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா, காலையில இருந்து நெஞ்சு ஒரு மாதிரி பிடிக்குது. இடது கை கனமா இருக்கு. வேர்க்குது."

நானும் எத்தனையோ முறை செத்துப் பிழைத்ததாக உன்னிடம் போனில் சொல்லியிருக்கிறேன். நீ அப்படிச் சொல்கிறவன் இல்லை. உன் வாயில் எதுவும் அளவாகத்தான் வரும் என்பது உலகத்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் முன்னால் வெறும் இலை, இரண்டு பக்கமும் ஆட்கள், எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள்.

"மாப்ள, அது கேஸுடா. டர்போ இன்னும் சுத்தல. ஒரு சோடாவக் குடிச்சுட்டுப் படு, ஒரு ஏப்பம் வரும் பாரு, ஒங்க சேக்கு அரமனையே ஆடும். நானே இங்கிட்டு எலையப் போட்டுக்கிட்டு டர்போ சுத்தாமத்தான் கெடக்கேன்."

பேசுவது யார் என்று தெரியாமலேயே பந்தி முழுக்கச் சிரித்தது. நீயும் சிரித்தாய். வழக்கம்போல உன் சத்தம் கடைசியில்தான் வந்தது. "சரி மாமா" என்றாய். "கறி வந்துருச்சுடா, அப்பறம் பேசுறேன்" என்று வைத்தேன். உண்மையில் கறி வந்துவிட்டிருந்தது. இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

உன்னை வைத்த பெட்டியோடு ஊர் வந்தவர் உன் ரூமில் இருந்த மீமிசல்காரர். ஊரார் தாய்மாமன் என்று கோடித்துணியை என் கையில் கொடுப்பதற்கு முன், பந்தல் ஓரத்தில் நின்று, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னார். "வேர்த்துக் கொட்டுச்சுங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிருவம்னு சாவிய எடுத்துட்டேன். அவருதான், மாமாகிட்ட பேசிட்டேன், கேஸுதானாம், படுத்தாச் சரியாயிரும்னாருங்க. அந்த மாமா மேல அம்புட்டு நம்பிக்கை போல. சாயங்காலம் எழுப்பப் போனேங்க."

பெல்ட் எச்சரிக்காது என்றாய். நீ எச்சரித்தாயே, மாப்பிள்ளை. மணி அடித்துக் கூப்பிட்டுச் சொன்னாயே.

பெட்டி வந்த அன்று சாயங்காலம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, அவன் கடைசியா ஒங்கிட்டயாச்சும் பேசுனானா?"

"இல்லக்கா."

மலையைக் கடுகாக்கி, கடுகை மலையாக்கி ஐம்பத்தெட்டு வருடம் பேசிய இந்த வாயிலிருந்து வந்ததிலேயே மிகச் சின்னப் பொய் அதுதான். அதற்குப் பிறகு அவள் சொன்னது: "அப்ப யாருகிட்டயும் சொல்லாமத்தான் போயிட்டான். ஞாயித்துக்கெழம நான் போன் போட்டிருக்கணும். மாட்டப் புடிச்சுக் கட்டுற அவசரத்துல மறந்துட்டேன். நான்தான்டா அவனப் பாக்காம விட்டது."

எட்டு மாதமாக இதையே சொல்கிறாள். என் கல்லைத் தன் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறாள். நான் பக்கத்திலேயே கைவீசிக்கொண்டு நடந்தேன். பேசினாலே எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஆனாலும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள்.

இன்று அந்த மைல்கல்லிலிருந்து எழுந்து, மூட்டையைக் கயிறு வாங்கிக் கட்டி, நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். மூட்டையே அவள் மாட்டுக்குத்தான். அவள் புண்ணாக்கைத் தொட்டியில் கரைத்துக்கொண்டிருக்க, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பந்தி, ஸ்பீக்கர், நெஞ்சு, சோடா, கறி. எதையும் கூட்டவில்லை. பெல்ட்டின் இரண்டு துண்டையும் சாட்சிபோல நீட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் கரைப்பதை நிறுத்தவில்லை.

"முடிச்சுட்டியா?" என்றாள்.

"நடந்தது இதுதான்க்கா."

"ஒன் வாயில எதுடா நடந்தபடி வந்துருக்கு? அவன் கடைசியா ஒங்கிட்டத்தான் பேசுனானாம், நீ சொன்னதுனாலதான் போனானாம். சாவுலயும் ஒனக்கு நீதான் பெரிய ஆளா?"

"சத்தியமாக்கா."

"சத்தியமும் நீ ஆயிரம் பண்ணியிருக்க. எனக்கு மனசு லேசாகணும்னு கதை கட்டுற. எனக்குத் தெரியாதா ஒன்னய?" கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "நான்தான்டா போன் போட்டிருக்கணும். போ, கையக் கழுவு. எலை போடுறேன்."

என் பொய்களை அளவாக வெட்டித் தருகிறவன் நீ. இந்த உண்மையை அளவு மாறாமல் அவளிடம் எடுத்துச் சொல்ல இப்போது ஆள் இல்லை. மீமிசல்காரரைக் கூட்டிவரலாம் என்றால் அவர் லீவு முடிந்து போய்விட்டார். போனில் பேசவைத்தாலும் நான் சொல்லிக்கொடுத்தது என்பாள்.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அக்கா இலையை விரித்து, தண்ணீர் தெளித்துவிட்டு உள்ளே போனாள். சோறு வர நேரமானது. அந்தக் காதுகுத்துக்குப் பிறகு நான் இலையின் முன் உட்காருவது இதுதான் முதல்முறை. எங்கே போனாலும் தட்டு கேட்டு வாங்கிக்கொள்வேன். வெறும் இலையில் நீர்த்துளிகள் நின்றன. மடியில் பெல்ட்டுத் துண்டுகள் கிடந்தன. உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. அதற்கும் மேலே எனக்குக் கேட்டது உன் சிரிப்பு, எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு தனியாக வந்த அந்தச் சிரிப்பு. அப்புறம், "சரி மாமா."