தறி நின்றால் வாசலுக்கு ஓடும் தெரு

மதினி,

இன்று காலை பத்தரை மணிக்குத் தெருவில் எல்லா விசைத்தறிகளும் ஒன்றாக நின்றன. போட்டது போட்டபடி எழுந்தேன். சங்கரன்கோவிலில் நம் தெருக்காரிகளுக்கென்றே உள்ள கிறுக்கு இது. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பிணம் தெருவைத் தாண்டும்வரை தறி ஓடக்கூடாது என்பது வழக்கம். அதனால் சத்தம் நின்றாலே "ஆரு?" என்று கேட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறோம். நானும் ஓடினேன். ஓடும்போதே உங்கள் நினைவு வந்துவிட்டது.

உங்களுக்கும் எனக்கும் ஆகாது என்பது ஊருக்கே தெரியும். குழாயடியில் என் குடத்தை நகர்த்தி வைத்தீர்கள் என்று ஒரு வருஷம் பேசாமல் இருந்தவள் நான். இத்தனைக்கும் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்த வீம்பெல்லாம் கொரோனாவில் முடிந்தது.

என் வீட்டுக்காரரை ஆம்புலன்ஸில் ஏற்றிய ஐந்தாம் நாள் போன் வந்தது. உடம்பைத் தரவில்லை. எங்கேயோ எரித்தார்கள், முகம்கூடப் பார்க்கவில்லை. தொற்று வீடு என்று வாசலில் தகரம் அடித்துவிட்டார்கள். பிள்ளை குட்டி இல்லாத எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழவும் ஆளில்லை. நீங்கள் மட்டும் தகரத்துக்கு மேலே தூக்குவாளியை நீட்டி, "ஏட்டி, கஞ்சி வச்சிருக்கேன். குடிச்சிட்டு வாளியக் குடு" என்பீர்கள். நான் சாக்கடையில் கொட்டிவிட்டு வாளியைத் திருப்பித் தருவேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. செத்துவிட வேண்டும் என்றுதான் கிடந்தேன். இதை உங்களிடம் சொன்னதில்லை. ஆனால் உங்களுக்குத் தெரிந்திருந்தது.

தகரத்தை எடுத்த பிறகும் நான் கதவைத் திறக்கவில்லை. ஊரடங்கு தளர்ந்து, தறி ஓட்டலாம் என்று உத்தரவு வந்த அன்று காலை தெரு முழுக்கச் சத்தம் கிளம்பியது. அவர் இல்லாமலும் எல்லாம் ஓடுகிறதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அரை மணி நேரம் ஆகியிருக்காது. ஒரு தறி நின்றது. அடுத்தது நின்றது. வெளியே எதிர்வீட்டுக்காரரின் குரல் கேட்டது: "மதினி, ரெண்டு மாசம் பட்டினி கெடந்து இன்னைக்குத்தான் ஓட்டுதோம். இன்னைக்கே நிறுத்தச் சொன்னா எப்படி?"

"அவன் செத்தப்ப தறி தானா நின்னு கெடந்துச்சுய்யா," என்றீர்கள் நீங்கள். "நாம நிறுத்தலையே."

அதற்குப் பிறகு ஒரு தறியும் ஓடவில்லை. கதவைத் திறந்தேன். பட்டினி கிடந்த அத்தனை பேரும் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு என் வாசலில் நின்றார்கள். நீங்கள் என்னைக் கட்டிப்பிடித்து, "இப்பமாவது அழுட்டி" என்றீர்கள். அழுதேன். அன்று மத்தியானம் உப்புக் கூடிப்போன உங்கள் கஞ்சியை மிச்சமில்லாமல் குடித்தேன்.

போன தையில் நீங்கள் திருப்பூரில், மகன் வீட்டில் போய்ச் சேர்ந்தீர்கள். அங்கேயே எரித்துவிட்டார்கள். தகவல் வந்ததும் என் தறியை நிறுத்திவிட்டு வீடு வீடாகப் போனேன். நான் வாய் திறக்கும் முன்பே எதிர்வீட்டுக்காரர் தறியை நிறுத்தினார். பூட்டிக் கிடந்த உங்கள் வாசலில் நின்று எல்லோரும் அழுதோம். அன்றிலிருந்து இந்த வேலை என் தலையில் விழுந்துவிட்டது. சாவு என்றால் முதலில் எனக்குத்தான் சொல்கிறார்கள். நான் போய்த் தறிகளை நிறுத்தச் சொல்கிறேன். நல்ல வேலை கொடுத்துவிட்டுப் போனீர்கள்.

எனக்குத் தெரியாமல் சாவுக்குத் தறி நிற்காது என்று தெரிந்தும் இன்று ஓடினேன், பாருங்கள். எல்லா வாசலிலும் பெண்கள் நின்று என் முகத்தையே பார்த்தார்கள். தெருமுனையில் லைன்மேன் கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்தார். அப்படியும் மனம் கேட்காமல் ஒவ்வொரு வாசலாகப் பார்த்து முடித்தேன்.

"கரண்டுதான் போயிருக்கு. போய் வேலையப் பாருங்க," என்றேன். "எல்லாரும் இருக்கோம்."

சொன்ன பிறகுதான் உங்கள் வாசல் பூட்டு கண்ணில் பட்டது.