உன் பெயரை அடித்தால் வருவது

மச்சான்,

இன்று காலை உன் லப்டொப்பைக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டினேன். ஸ்பேஸ் கீ ஒட்டிக்கொண்டு, ஒருக்கால் அமத்தினால் வரி முடியுமட்டும் ஓடுகிறது. தட்டினால் உள்ளே இருந்து கச்சான் கடலைத் தோல் கொட்டுது. உப்பும் வறுத்த வாசமும் கூட இன்னும் போகவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "கீபோட்டுக்கு மேல வைச்சுத் தின்னாதை" என்று உன்னோடு எத்தனை தரம் சண்டை பிடித்திருப்பேன்! "பாவமடா, அதுக்கும் பசிக்கும்தானே" என்று சொல்லிவிட்டு இன்னொரு பிடி அள்ளுவாய்.

உன் பெயரைப் போட்டுத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கியிருக்க வேண்டும். இந்தப் பெட்டியில் உன் பெயரை அடிக்க எனக்குப் பயம். ஏன் என்று சொல்கிறேன், பொறு.

முதலில் இந்தக் கீக்களின் கதை. ஏ, பி, சி எல்லாம் பளிச்சென்று தெரிகின்றன. எனக்கு எது தேவையோ அது மட்டும் வழுவழு என்று கிடக்கிறது. இடப்பக்க மூலையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீ. ஒன்று கொன்ட்ரோல், மற்றது எஃப்.என். எது எது என்று கடவுளுக்குத்தான் தெரியும், உன் சுண்டுவிரல் இரண்டையும் தேய்த்துத் தின்றுவிட்டது. மேல் வரிசையில் உள்ள சின்னச் சின்னப் படங்களும் அப்படியே. ஒன்றை அமத்தினால் வெளிச்சம் போகும், ஒன்றை அமத்தினால் இன்டர்நெட் போகும், ஒன்றை அமத்தினால் என் உயிர் போகும்.

நீ இருக்கும்போது எனக்கு இது ஒன்றும் தெரிய வேண்டியிருக்கவில்லை. உட்துறைமுக வீதிக்குத் திரும்பும் மூலையில் நாங்கள் இரண்டு பேரும் கடை போட்ட நாளிலிருந்து வேலை பிரிந்துதான் இருந்தது. போட்டோக்கொப்பி, லமினேட்டிங், வெட்டுறது, ஒட்டுறது எல்லாம் நான். அடிக்கிறது நீ. சீனன்குடாப் பக்கம் வேலைக்குப் போறவர்களுக்குப் பாஸ் கடிதம், மூதூரிலிருந்து வாறவர்களுக்குப் படகு விண்ணப்பம், எது வந்தாலும் நீ இரண்டு எழுத்தைத் தட்டுவாய், திரையில் முழுப் பந்தியும் வந்து நிற்கும். அடிக்கடி வாற வசனங்களுக்கெல்லாம் சுருக்கெழுத்துப் போட்டு வைத்திருந்தாய். வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். நீ கதிரையில் சாய்ந்துகொண்டு பிளேன்ரீயைக் குடிப்பாய். ஆள் இல்லாத நேரம் லப்டொப்பில் சீட்டு விளையாடுவாய். வாசலில் நிழல் விழுந்தால் உன் கட்டைவிரல் எங்கேயோ போகும், சீட்டுக்கட்டு மறைந்து யாருடையதோ விண்ணப்பம் வந்து நிற்கும். எனக்குப் பார்க்கவே சிரிப்பாய் இருக்கும்.

"அது எப்பிடியடா? எனக்கும் காட்டு" என்று கேட்டால், "இதில என்ன கிடக்கு, ரெண்டு விரல் வேலை. நீ உன்ர மிசினைப் பார்" என்பாய். ஒருநாள் பிடிவாதமாய்ப் பக்கத்தில் வந்து நின்றேன். நீ காட்டினாய்தான், ஆனால் பேய் ஓடுகிற வேகத்தில். "கண்டனியோ?" என்றாய். என்னத்தைக் கண்டேன்? ஒரே ஒரு சங்கதியை மட்டும் வாயால் சொல்லித் தந்தாய். கரண்டும் போய், பற்றரியும் செத்து ஒரு ஐயாவின் நாலு பக்கமும் அழிந்த அன்று, "ஒவ்வொரு வரிக்கும் கொன்ட்ரோல் எஸ் அடியாதவன் கதவைத் திறந்துபோட்டு நித்திரை கொள்ளுறவன்" என்றாய். அதையும் அந்த ஐயாவைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னாய், எனக்காக இல்லை.

பிறகு ஒருநாள் மத்தியானம் சோறு தின்ன வீட்டுக்குப் போனாய். "பின்னேரம் வாறன், அந்தப் படிவங்களை வெட்டி வை" என்றாய். நான் வெட்டி வைத்திருந்தேன். நெஞ்சுக்குள் நோவுதென்று சொன்னாயாம், ஆஸ்பத்திரி வாசலில் உன்னை இறக்க முதலே முடிந்துவிட்டதாம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நெருங்க உன் மனுசி கடைக்கு வந்தா. உன் கதிரையைப் பார்த்தா, இருக்கவில்லை. "அண்ணை, இவற்ற கல்வெட்டை நீங்கள்தான் அடிக்க வேணும். ஊருக்கெல்லாம் அடிச்சுக் குடுத்த மனுசன். அவருக்கு வேற ஆரும் அடிக்கக் கூடாது. அவற்ற லப்டொப்பிலயே அடியுங்கோ" என்றா. எனக்கு ஏலாது என்று சொல்ல வாய் வருமா? படம், பிறந்த ஊர், குடும்ப விபரம், தேவாரம், நன்றி என்று அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற அந்தச் சின்னக் கல்வெட்டுப் புத்தகத்தை எத்தனை செத்தவர்களுக்கு நீ அடித்திருப்பாய். ஒரு பிழை இருந்தாலும் சொந்தக்காரர் சீவியத்துக்கும் மறக்கமாட்டார்கள் என்று நீதான் சொல்வாய். இந்த ஒன்றையாவது பிழையில்லாமல் செய்து தர வேண்டும் என்று நினைத்துத்தான் லப்டொப்புக்கு முன்னால் இருந்தேன், மச்சான்.

இருந்தால், நீ பிறந்த ஊர் ஈச்சிலம்பற்றை என்று அடிக்க நடுவில் இலக்கம் வருகிறது! அரைப்பக்கம் எழுத்து, அரைப்பக்கம் நாலும் ஐந்தும் ஆறும். கல்வெட்டை அச்சடிக்கப்போகிற அச்சகத்துத் தம்பிக்குப் போன் எடுத்தேன். "அண்ணை, இலக்கம் வாற நம் லொக் விழுந்திட்டுது. எஃப்.என்னோட சேர்த்து அமத்துங்கோ" என்றான். எஃப்.என் எது? இரண்டு மொட்டைக் கீயில் ஒன்றை நம்பி அமத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. கோபத்தில் எல்லாவற்றையும் சேர்த்து அமத்தினேன். திரை தலைகீழாய்ப் போய்விட்டது. நீ படத்தில் தலைகீழாய்த் தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாய். கோதாரி! லப்டொப்பையே திருப்பி வைத்தேன். படம் நேராய் வந்தது, கீயெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. பக்கத்து பார்மசிப் பிள்ளை எட்டிப் பார்த்து, "என்ன அங்கிள் செய்யிறியள்?" என்று கேட்டது. எனக்கு வந்த வெட்கம்! கொன்ட்ரோலும் அல்டும் மேல் அம்புக்குறியும் என்று அதுதான் நிமிர்த்தித் தந்தது.

இனித்தான் உன் பெயர். தலைப்பில் "அமரர்" என்று போட்டு, முதலெழுத்தோடு உன் பெயரை அடித்து ஸ்பேஸைத் தட்டினேன். உடனே பெயருக்குக் கீழே தானாய் இரண்டு வரி குதித்து வந்து நின்றது. "தட்டச்சு, போட்டோக்கொப்பி, லமினேட்டிங். எந்த நேரமும் கூப்பிடுங்கோ." கூடவே உன் போன் நம்பர். அடிக்கிற எல்லாக் கடதாசிக்கும் அடியில் பெயரும் நம்பரும் வரட்டும் என்று நீ உன் பெயருக்கே அந்த விளம்பரத்தைக் கட்டி வைத்திருக்கிறாய். அழித்தேன். திரும்ப அடித்தேன். திரும்ப வந்தது. எந்த நேரமும் கூப்பிடுங்கோவாம்! நான் மேசையில் கையால் குத்தினேன். கூப்பிட்டால் வருவியா, பரதேசி?

அச்சகத்துத் தம்பி, "வந்த உடன கொன்ட்ரோல் இசட் அடியுங்கோ அண்ணை, போயிடும். கெதியா அனுப்புங்கோ, பின்னேரத்துக்குள்ள மெசினில போட வேணும்" என்றான். அப்படியே செய்தேன். பக்கத்துக்குப் பக்கம் உன் பெயர் வரும், நீ கூப்பிடச் சொல்லுவாய், நான் அழிப்பேன். அந்த ஒவ்வொரு அழிப்பும் எனக்கு என்ன செய்தது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. பின்னட்டைக்கு வரும்போது கண் மங்கிவிட்டது. உன் பெயரைப் பெரிய எழுத்தில் அடித்து, மூலையில் இருந்த மொட்டைக் கீயையும் இசட்டையும் சேர்த்து அமத்தி, திரையைப் பார்க்காமலே அனுப்பிவிட்டேன். அமத்தினது கொன்ட்ரோல் இல்லை, பக்கத்துக் கீ.

அந்தியேட்டி வீட்டில் உன் பெரியப்பாவின் மகன் கல்வெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதென்ன தம்பி, கடைசியில விளம்பரமும் போட்டிருக்கிறியள்?" என்று கேட்டார். பார்த்தேன். பின்னட்டை நிறைய நீ. அமரர் என்று மேலே, எந்த நேரமும் கூப்பிடுங்கோ என்று கீழே. அச்சகத்துத் தம்பியைப் பிடித்துக் கேட்டால், "நீங்கள் வேணுமெண்டு போட்டிருக்கிறியள் எண்டு நினைச்சன் அண்ணை" என்கிறான். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது. வந்தவர்கள் எல்லாருடைய கையிலும் அது. பறித்தெடுக்கவும் ஏலாது.

உன் மனுசியிடம் போய் நின்றேன். அவ பின்னட்டையைப் பார்த்தா. பிறகு சிரித்தா. "செத்தும் கடையைப் பூட்டேல்லை, பாருங்கோ இந்த மனுசன்" என்றா. சிரித்துக்கொண்டிருந்தவ அப்படியே தேம்பத் தொடங்கினா. என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது.

அதோடு முடிந்ததா? இல்லை. யாரோ ஒரு விண்ணன் அந்தப் பக்கத்தில் அமரர் என்ற சொல் விழாமல் படம் எடுத்து வட்ஸ்அப்பில் விட்டிருக்கிறான். பகிடிக்குச் செய்தானோ, வேலை கிடைக்கட்டும் என்று செய்தானோ தெரியாது. உன் போனுக்கு அழைப்பு வரத் தொடங்கிவிட்டது. நேற்று உன் மனுசி போனைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தா. "என்னால ஏலாது அண்ணை. எடுக்கிற ஒவ்வொருத்தருக்கும் 'அவர் இல்லை' எண்டு நான்தான் சொல்ல வேண்டியிருக்கு. நீங்கள் சொல்லுங்கோ" என்றா. சரி தாங்கோ என்று வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரு பிழை விட்டவன் அதையாவது செய்ய வேண்டாமா?

சற்று முன்தான் என் கைக்கு வந்த பிறகு முதல் அழைப்பு. இலங்கைத்துறையில் இருந்து ஒரு ஐயா. உன் பெயரை முதலெழுத்தோடு சொல்லி, "நீங்கள்தானோ கதைக்கிறது?" என்று கேட்டார். அவர் இல்லை, செத்துப் போனார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன் மச்சான், சத்தியமாய். "ஓம், சொல்லுங்கோ" என்றுதான் வந்தது.

நாளைக்கு வருகிறாராம். கொழும்புக்கு அனுப்ப அவருக்குச் சிங்களத்தில் ஒரு கடிதம் வேண்டும். சிங்களம் எனக்கு வாயில் வரும், விரலில் வராது. இந்தக் கோதாரிப் பெட்டியில் சிங்களத்துக்கு மாத்துறது எந்தக் கீயடா? நான் இப்ப ஆரைக் கூப்பிட்டுக் கேக்கிறது?